‘அடைச்சாச்சு’: ஒரு கடைவாய்ப் பல் பற்றிய நிகழ்வு ஆய்வு

நோயாளி என் அத்தை. வயது 54. ஊர் தருமபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பல் டாக்டரிடம் அதற்கு முன்பு போனது ஒரே ஒரு முறை. இந்தத் தடவை அவர் இழந்தது, கீழ் வரிசையில் வலது பக்கம் இருந்த முதல் பெரிய கடைவாய்ப் பல்லை. வேர் சிகிச்சை முடிந்து, வலி சுத்தமாகப் போய், ஐந்து மாதம் நன்றாக மென்று சாப்பிட்ட பிறகு அந்தப் பல் போனது. சிகிச்சையில் குறை என்று சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஒரு வார்த்தையை டாக்டர் ஓர் அர்த்தத்தில் சொன்னார், அத்தை வேறோர் அர்த்தத்தில் கேட்டுக்கொண்டார். அதில்தான் பல் போனது.

இதில் எனக்கும் பங்கு உண்டு. சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கப் பல் இன்சூரன்ஸ் கிளெய்ம்களைச் சரிபார்ப்பது என் வேலை. டி3330 என்றால் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால், அதாவது வேர் சிகிச்சை. டி2950 என்றால் சிதைந்த பல்லின் நடுப்பகுதியைக் கட்டி எழுப்புவது. டி2740 என்றால் பல்லின் மேல் மாட்டும் பீங்கான் கேப். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மூன்றும் தனித்தனி வேலை, தனித்தனிக் குறியீடு, தனித்தனிப் பணம். இதைத் தினமும் பார்க்கிற நான்தான் அத்தை வாட்ஸப்பில் அனுப்பிய சீட்டைப் பார்த்து ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன்.

வந்த புகார்

"பல்லு கூசுது கண்ணு" என்றுதான் அத்தை முதலில் போனில் சொன்னார். எந்தப் பல் என்று கேட்டதற்கு, "எல்லாமே சொத்தைதான், உனக்குத் தெரியாதா" என்றார். அவர் சொன்ன சொத்தை, முன்பற்களில் சின்ன வயதிலிருந்தே இருக்கும் பழுப்புத் திட்டுகள். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குழந்தைப் பருவத்தில், பல் எலும்புக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போது குடித்தால் எனாமலில் கறை விழுந்துவிடும். பேர் ஃப்ளூரோசிஸ். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ‘ஃப்ளூரோசிஸ் தடுப்பு’ இருக்கிறது. 2013-இல் அது வருவதற்கு முன்பே வளர்ந்துவிட்ட அத்தையின் தலைமுறைக்குக் கறை கறைதான், தேய்த்தால் போகாது. ஆனால் அது சொத்தை கிடையாது. உண்மையில் கெட்டுப்போயிருந்த கடைவாய்ப் பல் வெளியே பார்க்க வெள்ளையாக இருந்தது. ஓட்டை, அடுத்த பல்லோடு ஒட்டும் பக்கவாட்டில். உள்ளே, எனாமலுக்கு அடியில் இருக்கும் மென்மையான டென்டினைக் குடைந்துகொண்டு போயிருக்கிறது.

அப்புறம், ‘கூச்சம்’ என்ற சொல். அது ஒரு பெரிய பை, எதை வேண்டுமானாலும் போடலாம். பல் டாக்டர்கள் அந்தப் பையைக் கவிழ்த்து மூன்று நான்காகப் பிரிக்கிறார்கள். பிரிக்கக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு நேரம் நிற்கிறது?

ஜில்லென்று தண்ணீர் பட்டதும் சுரீர் என்று இழுத்து, ஒன்றிரண்டு நொடியில் போய்விட்டால் நரம்பு இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். எனாமல் தேய்ந்திருக்கலாம், ஈறு இறங்கி வேர் தெரியலாம், மேலோட்டமான சொத்தை இருக்கலாம். அடைத்தாலோ அதற்கான பேஸ்ட் போட்டாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். தண்ணீரை விழுங்கிய பிறகும் வலி நிமிடக்கணக்கில் நின்றாலோ, சூடான காபிக்கு எகிறினாலோ, ராத்திரி படுத்ததும் தானாக விண்விண்ணென்று தெறித்தாலோ, உள்ளே இருக்கும் கூழ் (நாம் நரம்பு என்று சொல்வது நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த இந்தக் கூழைத்தான்) திரும்ப முடியாத அளவுக்கு வீங்கிவிட்டது. மூன்றாவது படி மோசமான வேடிக்கை. திடீரென்று வலி நின்றுவிடும், நாம் சந்தோஷப்படுவோம். நரம்பு செத்திருக்கும். சில வாரம் கழித்து அந்தப் பல்லில் கடித்தால் வலிக்கும், ஏனென்றால் கிருமி வேரின் நுனியைத் தாண்டி எலும்புக்குப் போயிருக்கும்.

அத்தை இந்த மூன்று படியையும் மூன்று மாதத்தில் ஏறி முடித்திருந்தார். இரண்டாவது படியில் கிராம்பு எண்ணெய் வைத்தார், மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஆன்டிபயாடிக் ஐந்து நாள் சாப்பிட்டார். கிராம்பில் இருக்கும் யூஜினால் கொஞ்ச நேரம் மரத்துப் போக வைக்கும், அவ்வளவுதான். நரம்பு வீக்கத்துக்கு ஆன்டிபயாடிக் வேலையே செய்யாது. முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, தொற்று பரவினால்தான் அதற்கு வேலை. ஆனால் அத்தைக்கு மாத்திரை முடிந்த வாரத்தில் வலி நின்றுவிட்டது. நரம்பு செத்ததன் பெருமை மாத்திரைக்குப் போனது.

சீட்டில் இருந்தது

பொங்கல் கழிந்து ஒரு கிளினிக்குக்குப் போனார். திரும்பி வந்ததும் சீட்டைப் படமெடுத்து அனுப்பினார். அதில் 46 என்று இருந்தது. எனக்கே ஒரு நொடி குழப்பம். மனிதனுக்கு மொத்தமே 32 பல், 46-வது எங்கிருந்து வந்தது? நான் பார்க்கும் அமெரிக்கக் கிளெய்ம்களில் மேல் வலது ஞானப்பல்லில் ஆரம்பித்து 1 முதல் 32 வரை ஒரே எண்ணிக்கை. அதன்படி இது 30-வது பல். இந்தியாவிலும் உலகில் பெரும்பாலான இடங்களிலும் கணக்கு வேறு. வாயை நான்கு கால்பகுதியாகப் பிரிக்கிறார்கள்: மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. வலது என்றால் நோயாளியின் வலது. இரண்டாவது எண், நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பது. ஆகவே அது நாற்பத்தாறு அல்ல, ‘நாலு ஆறு’. கீழே, வலது பக்கம், நடுவிலிருந்து ஆறாவது. பால்பல்லுக்கு இதே வரிசையில் 5 முதல் 8. கண்ணாடி முன்னால் நின்று விரலால் எண்ணிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

மற்றதெல்லாம் சுருக்கெழுத்து. சி/ஓ என்றால் நோயாளி சொன்ன புகார். ஓ/இ என்றால் டாக்டர் பார்த்தது. டி.ஓ.பி. பாசிட்டிவ் என்றால் கண்ணாடிக் கருவியின் பிடியால் பல்லைத் தட்டும்போது வலித்தது. ஐ.ஆர்.டி. 46 என்றால் ‘இந்தப் பல்லைப் பொறுத்தவரை’. ஐ.ஓ.பி.ஏ. என்பது வாய்க்குள் சின்னத் தகடு வைத்து ஒன்றிரண்டு பல்லை வேர்நுனி வரை எடுக்கும் எக்ஸ்ரே. அதே படம் கம்ப்யூட்டர் திரையில் உடனே வந்தால் ஆர்.வி.ஜி. முகத்தைச் சுற்றிக்கொண்டு போகும் மெஷினில் முழுத் தாடையையும் எடுத்தால் ஓ.பி.ஜி. அத்தையின் ஐ.ஓ.பி.ஏ.-வில் பின்பக்க வேரின் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு கருநிழல் இருந்தது. எக்ஸ்ரேயில் கருப்பு என்றால் அங்கே எலும்பு குறைந்திருக்கிறது. குளிர் வைத்துப் பார்த்தபோது பல் பதிலே சொல்லவில்லை. நரம்பு செத்து, வேர்நுனியில் தொற்று. வழி இரண்டு: ரூட் கெனால், இல்லையென்றால் பல்லை எடுப்பது. அத்தை ரூட் கெனால் என்றார்.

மூன்று சிட்டிங், மூன்று ‘அடைப்பு’

முதல் நாள் தாடையின் பின்மூலையில் மரப்பு ஊசி. பாதி உதடும் பாதி நாக்கும் மரத்துப்போனது. வாய் கோணிவிட்டதோ என்று அத்தை செல்போன் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பைக் கட்டிவிட்டு, மேலே துளை போட்டு உள்ளே போனார்கள். கீழ் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வழக்கமாக இரண்டு வேர், மூன்று கால்வாய்: முன்வேரில் இரண்டு, பின்வேரில் ஒன்று. சிலருக்கு நாலாவதும் உண்டு. ஊசி போன்ற ஃபைல்களால் அவற்றை அகலப்படுத்துகிறார்கள். 25-ஆம் நம்பர் ஃபைலின் நுனி 0.25 மில்லிமீட்டர். இடையிடையே ஹைப்போகுளோரைட் விட்டுக் கழுவுவார்கள். "வாய்க்குள்ள தண்ணித் தொட்டி கழுவுற வாசனை" என்றார் அத்தை. பிளீச்சிங் பவுடரும் அதே குடும்பம்தான், ஆகவே சரியாகத்தான் சொன்னார். முடிவில் உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து, மேலே வெள்ளைச் சாந்து போன்ற தற்காலிக அடைப்பு. "இன்னைக்கு அடைச்சு அனுப்பறேன்மா, அடுத்த வாரம் வாங்க" என்றார் டாக்டரம்மா.

இரண்டாவது வாரமும் கழுவல், மருந்து, அடைப்பு.

மூன்றாவது வாரம் கால்வாய்கள் நிரப்பப்பட்டன. நிரப்பும் பொருள் கட்டா பெர்ச்சா, இளஞ்சிவப்பு நிறத்தில் ஊசி போன்ற மெல்லிய குச்சிகள். மலாயாக் காட்டு மரத்தின் பாலிலிருந்து வந்த பொருள், பெயரும் மலாய்மொழிதான். 1851-இல் டோவருக்கும் கலேக்கும் இடையே கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிக்குத் தண்ணீர் புகாமல் உறை போட்டதும் இதே பாலால்தான். கடல்நீரை வெளியே நிறுத்திய பொருள் இப்போது எச்சிலை வெளியே நிறுத்துகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்று டாக்டரம்மா சொன்னது: "அடைச்சாச்சும்மா. இனிமே வலிக்காது. மேலே கட்டி கேப் போட்டுக்கணும், வந்துடுங்க." சீட்டில் ‘ஆப்ச்சுரேஷன் டன், அட்வைஸ் பி.இ.ஆர். அண்ட் கிரவுன்’ என்று இருந்தது: வேரை நிரப்பியாச்சு, இனி பல்லைக் கட்டி எழுப்பிக் கேப் போட வேண்டும். நான் கட்டைவிரல் தட்டியது இந்தச் சீட்டுக்குத்தான்.

அத்தை கேட்டது முதல் இரண்டு வாக்கியம் மட்டும். அதற்குக் காரணமும் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் இடது பக்கம், மூன்று ஆறில், சின்னச் சொத்தைக்கு வெள்ளி அடைத்திருந்தார்கள். வெள்ளி என்று நாம் சொல்கிற அமால்கத்தில் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். ஒரே நாளில் அடைத்தார்கள், முடிந்தது, இன்னும் அப்படியே இருக்கிறது. அவருக்கு அடைப்பது என்றால் அதுதான்: முடிந்த வேலை. உறவில் ஒருவர் வேறு, "கேப்பெல்லாம் காசு புடுங்கற வேலை, வலி போயிடுச்சுல்ல?" என்று சொல்லிவிட்டார். வலி போயிருந்தது. பிறகு ஏன் போகவேண்டும்?

ஐந்து மாதம் கழித்து ஒரு நிப்பட்டு

ஜூனில் ஒரு நாள் மாலை டீயோடு நிப்பட்டு (தட்டை) கடித்தபோது டக்கென்று சத்தம் கேட்டதாம். வலி இல்லை. பல்லுக்குள் நரம்பு இல்லாததால் விரிசல் உறைக்கவில்லை. நாக்கால் தொட்டால் ஒரு பக்கம் ஆடியது. மறுநாள் போனபோது, பல் முன்பின்னாகக் கூரை ஓடு போலப் பிளந்திருந்தது. விரிசல் நடுத்தளத்தைத் தாண்டி வேர்கள் பிரியும் இடம் வரை போயிருந்தது. மேல்முனை மட்டும் உடைந்திருந்தால் கட்டி எழுப்பிக் கேப் போட்டிருக்கலாம். ஈறுக்குக் கொஞ்சம் கீழே போயிருந்தாலும் ஈறையும் எலும்பையும் சற்று இறக்கிக் காப்பாற்றப் பார்ப்பார்கள். அடித்தளமே பிளந்துவிட்டால் எடுப்பது தவிர வழியில்லை.

ரூட் கெனால் செய்த பல் காய்ந்து சுள்ளிபோல் ஆகிவிடும், அதனால் உடைகிறது என்று ஊரில் சொல்வார்கள். முழுக்கச் சரியில்லை. பல்லின் பலம் அதன் சுவர்களில், குறிப்பாக முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு ஓரவரம்புகளில் இருக்கிறது. இதை அளந்து பார்த்த 1989-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று பல் மருத்துவத்தில் அடிக்கடி சொல்லப்படுவது. ரூட் கெனாலுக்காக நடுவில் போடும் துளையால் மட்டும் பல்லின் விறைப்பு குறைவது 5 சதவீதம்தான். இரண்டு ஓரவரம்பும் போய்விட்டால் 63 சதவீதம் குறைகிறது. அத்தைக்குச் சொத்தை இருந்ததே பக்கவாட்டில். சொத்தையை எடுத்தபோது வரம்பும் போனது. மிச்சம் நின்றவை, நடுவில் பள்ளத்தோடு எதிரெதிராக இரண்டு மெல்லிய சுவர்கள். மேல் பல்லின் முனை அந்தப் பள்ளத்தில் ஆப்பு போல இறங்குகிறது. கேப் என்பது அந்தச் சுவர்களைச் சுற்றிப் போடும் பூண். உலக்கை முனையில் பிளக்காமல் இருக்க இரும்புப் பூண் போடுவார்களே, அந்த வேலைதான். ரூட் கெனால் செய்த பற்களில் கேப் போடாதவை, போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன என்று 2002-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது.

இப்போது ‘அடைச்சாச்சு’வைத் திரும்பப் பார்க்கிறேன். அந்தக் கிளினிக்கில் ஒரே வினைச்சொல் குறைந்தது மூன்று வேலையைக் குறித்தது. வாரம் தாண்டினால் நம்ப முடியாத தற்காலிகச் சாந்து ஒன்று. வேருக்குள்ளே கட்டா பெர்ச்சா நிரப்புவது இன்னொன்று, ஆங்கிலத்தில் ஆப்ச்சுரேஷன். பள்ளத்தை நிரந்தரமாகக் கட்டி எழுப்புவது மூன்றாவது, சீட்டில் இருந்த பி.இ.ஆர். அதுதான். அத்தையின் மனதிலிருந்த நாலாவது அர்த்தம், சாதாரணச் சொத்தைக்குப் போடும் ஃபில்லிங். வெள்ளியோ, நீல விளக்கு காட்டி இறுக வைக்கும் பல்நிறக் காம்போசிட்டோ, சிமென்ட் என்று எல்லோரும் சொல்லும் ஜி.ஐ.சி.யோ, அந்த ஒன்று மட்டும்தான் போட்டதும் முடிகிற வேலை. டாக்டரம்மா கேப் பற்றிச் சொல்லாமல் இல்லை. சொன்னது கடைசி அரை நிமிடத்தில், பாதி வாய் மரத்திருந்தவரிடம், சந்தோஷச் செய்திக்குப் பின்னால். ‘இது பாதி வேலைதான், கேப் இல்லாமல் இந்தப் பல் பிளக்கும்’ என்று வரிசையை மாற்றிச் சொல்லியிருந்தால் அத்தை போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். என்னைப் பற்றி ஏற்கனவே சொல்லிவிட்டேன். டி3330 வந்து டி2740 வராத கிளெய்மைக் கண்டால் அலுவலகத்தில் நான் குறிப்பு எழுதுவேன்.

எந்தக் கேப் என்பதில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. முழு உலோகம், உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றிய பி.எஃப்.எம்., சிர்கோனியா எல்லாம் கடைவாய்க்குத் தாங்கும். விலையும் நிறமும்தான் பெரிய வித்தியாசம்.

எடுத்த பிறகு

எடுக்கும் நாளன்று அத்தை கேட்டது ஒன்றுதான்: "கீழ்ப்பல்லுதானே, கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதே?" மேல்பல்லை எடுத்தால் பார்வை போகும் என்பது எங்கள் பக்கம் அசைக்க முடியாத நம்பிக்கை. பல்லுக்குப் போவது மூளையிலிருந்து வரும் ஐந்தாவது நரம்பு, பார்வைக்கு இரண்டாவது நரம்பு, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "அது சரிம்மா, கீழ்ப்பல்லுதானே" என்றார் அத்தை மறுபடியும்.

அடுத்த குழப்பம் ‘ஃபிக்ஸட் பல்’. இருக்கிற இடத்தில் நிலையாகப் பல் வைக்கலாம் என்றதும் அத்தை பக்கத்து வீட்டில் விசாரித்தார். அவர்களும் ஃபிக்ஸட் பல்தான் வைத்திருந்தார்கள், ஆனால் அவர்கள் சொன்ன தொகை இங்கே சொன்னதைவிட மிகக் குறைவு. டாக்டர் ஏமாற்றுகிறார் என்று முடிவே கட்டிவிட்டார். இந்தத் தடவை நான் கட்டைவிரல் தட்டவில்லை, போன் செய்தேன். பக்கத்து வீட்டில் இருந்தது பிரிட்ஜ். இரண்டு பக்கத்துப் பல்லையும் சீவி அவற்றின் மேல் கேப் போட்டு, நடுவில் ஒரு பொய்ப்பல்லைத் தொங்கவிடுவது. அத்தைக்குச் சொன்னது இம்பிளான்ட். தாடையெலும்பில் டைட்டானியம் திருகை இறக்கி, எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளச் சில மாதம் விட்டு, அதன்மேல் பல். நாலு ஐந்தும் நாலு ஏழும் ஒரு கீறல் இல்லாத பற்கள், அவற்றைச் சீவ மனமில்லை என்று டாக்டரம்மா சொன்னது நியாயமாகப் பட்டது. கழற்றி மாட்டும் பல் செட் மூன்றாவது வழி, மலிவானது, அத்தைக்கு அறவே பிடிக்கவில்லை. சர்க்கரைதான் தடை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி முதலில் இறங்கட்டும், அதற்குள் எடுத்த இடமும் ஆறட்டும் என்று நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றை ஒன்று ஏற்றிவிடும் என்பதால் நடுவில் ஒரு தடவை கிளீனிங்கும் செய்தார்கள். பல்லில் படிந்திருந்த காரை போனதும் பல் இடுக்கு பெரிதானதாகத் தெரிந்து அத்தை ஒரு வாரம் புலம்பினார். இடுக்கு முன்பே இருந்ததுதான், காரை அடைத்துக்கொண்டிருந்தது.

போன மாதம் இடது பக்கத்துப் பழைய வெள்ளியின் ஓரம் பெயர்ந்துவிட்டது. அன்று ராத்திரி சீட்டின் படம் வந்தது, கூடவே குரல் பதிவு: "கண்ணு, மூணு ஆறுல அடைச்சாச்சுன்னு சொன்னாங்க. இது எந்த அடைப்புன்னு கேட்டேன். தற்காலிகமாம். புதன்கிழமை வரச் சொல்லியிருக்காங்க, நீ லீவு போட வேண்டாம், நானே போய்க்கிறேன்."